ஞாபகத்துக்கு யார் சாட்சி?

ஒரு ஞானம் பிறக்கும்போதே அதன் உண்மையும் உடன்பிறந்துவிடுகிறது, அதைப் பொய்யாக்கும் பாதகம் தோன்றினாலன்றி அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்று மீமாம்சகர்களும், ஞானத்தின் உண்மையை அதற்குப் புறத்தேயுள்ள ஒன்றைக் கொண்டே நிச்சயிக்க வேண்டும் என்று நையாயிகர்களும் பல நூற்றாண்டுகள் வாதாடிய பிராமாண்ய விவகாரம், எங்கள் அச்சகத்துக் கணக்குகளுக்காகச் சர்வர் ஒன்று வாங்கப் புறப்பட்டபோது, சாதாரண மெமரியா, பிழை திருத்தும் ஈ.சி.சி. மெமரியா என்ற கேள்வியாக என் மேஜைமீது வந்து உட்கார்ந்தது.

சாதாரண மெமரி மீமாம்சகர் கட்சி. அது சொன்னதை நம்பவேண்டியதுதான். ஆனால், 1978-இல் இன்டெல் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியபடி, சிப்பைப் போர்த்திய உறையில் கலந்திருந்த சொற்ப யுரேனியம், தோரியத்தினின்று தெறிக்கும் ஆல்ஃபா துகள், சிப்புக்கு யாதொரு ஊனமும் செய்யாமலே, ஒரு பிட்டை மாற்றிவிட்டுப் போகக்கூடும். பாதகம் தோன்றினாலல்லவா சந்தேகம் எழும்? இங்கே தடயமே இல்லை.

ஈ.சி.சி.யோ வழக்கமாக ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட்டுகளைச் சாட்சி வைக்கிறது. அந்தச் சாட்சிகளும் அதே பலவீனமான சிப்பில்தானே எழுதப்படுகின்றன, அவற்றுக்கு யார் சாட்சி, இது முடிவில்லாமல் நீளும் அநவஸ்தையல்லவா என்று மீமாம்சகர் மடக்குவார். பெல் ஆராய்ச்சிக்கூடத்து ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட முறை தர்க்கப் பிரியர்களுக்கு விருந்தாவது இந்த இடத்திலேதான்: ஒவ்வொரு சாட்சியும் வெவ்வேறு கூட்டத்தைக் கண்காணிப்பதால், அவர்களுக்குள் எழும் முரண்பாடே பிழையின் இருப்பிடத்தைச் சுட்டிவிடுகிறது, பொய்த்தது சாட்சியே ஆனாலும் அகப்பட்டுக்கொள்ளும். ஒரு பிட் பிறழ்ந்தால் திருத்தும். இரண்டு பிறழ்ந்தால் பிழையென்று மட்டும் அறிவிக்கும். மூன்று பிறழ்ந்தாலோ, சில சமயம் நல்ல பிட்டையே ‘திருத்தி’ப் பொய்க்குச் சத்தியம் செய்துவிடும்.

விசாரிக்க நீதிபதியும் வேண்டுமே! முன்பு சிப்செட்டில் வாசம் செய்த மெமரி கண்ட்ரோலர், 2003-இல் ஏ.எம்.டி.யின் ஆப்டெரானிலும், 2008-இல் இன்டெலின் நெஹலேமிலும் ப்ராசஸருக்குள் குடிபுகுந்தது. ஆயினும் ப்ராசஸரும் மதர்போர்டும், இன்டெல் வகையில் சிப்செட்டுங்கூட, சம்மதித்தாலன்றி அந்த எட்டும் ஊமைச் சாட்சிகளே. டி.டி.ஆர்.5 வகை மெமரிச் சிப்புகள் தம் பிழையைத் தாமே திருத்திக்கொள்ளும்போது தனி ஈ.சி.சி. எதற்கு என்றார் கடைக்காரர். அத்திருத்தம் சிப்பின் சுவருக்குள்ளேயே நின்றுவிடும்; சிப்பிலிருந்து ப்ராசஸருக்கு வரும் வழியில் நேரும் பிழை அதற்குத் தெரியாது.

சற்றுக் கூடுதல் விலை கொடுத்து நையாயிகர் பக்கம் சேர்ந்தேன். திருத்திய பிழைகளின் பதிவேட்டைக் காலைதோறும் திறந்து பார்க்கிறேன், இதுவரை காலி. பிழை நேரவில்லையா, சாட்சி பேசவில்லையா? காணாமையைக் கொண்டே இல்லாமையை அறியலாமென்று அநுபலப்தியைத் தனிப் பிரமாணமாக ஏற்றவர்கள் குமாரிலர் வழி மீமாம்சகர்கள்; ஆகவே, நையாயிகர் சொற்படி வாங்கிய பொருளுக்காக மீமாம்சகர் வாசலில் தினமும் போய் நிற்கிறேன்.