விலையின்றி உண்ட மீன்

மே மாத வெயில் ஏறத் தொடங்கியதும் என் நெஞ்சம் இன்றும் தெற்கு நோக்கித் திரும்பிக்கொள்கிறது. 1972 முதல் 1978 வரை, ஏழு கோடை விடுமுறைகளில், மதுரைக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து எங்கள் குடும்பம் முட்டத்துக்குப் பயணம் போயிற்று. அப்போது நாகர்கோவிலுக்கு எங்கள் பக்கத்திலிருந்து இரயில் கிடையாது. திருநெல்வேலிப் பாதை 1981-இல்தான் திறக்கப்பட்டது. தகரப் பெட்டி, துணிமூட்டை, கூசாவில் தண்ணீர், வாழையிலையில் பொதிந்த புளிச்சோறு ஆகியவற்றோடு பேருந்து மாறி மாறிச் செல்வோம். ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போது காற்று முகத்தில் வந்து அறையும். "இனிமேல் கடல்தான்" என்பார் அப்பா. கடலுக்கு இன்னும் நெடுந்தொலைவு இருக்கும். ஆயினும் எங்களுக்கு விடுமுறை அந்தக் காற்றிலேயே தொடங்கிவிடும்.

முட்டம், குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் கோட்டாறு மறைமாவட்டத்தைச் சேர்ந்த மீனவர் ஊர். கடலுக்குள் இறங்கி நிற்கும் பெரும்பாறைகள், செம்மண் தேரி, மேட்டில் கலங்கரை விளக்கம். 1986-இல் 'கடலோரக் கவிதைகள்' என்ற திரைப்படம் வந்த பிறகு அந்தப் பாறைகளைத் தமிழ்நாடே அறிந்துகொண்டது. அதற்கு முன்பே அவை எங்களுடையவை என்ற செருக்கு எனக்கு உண்டு. எங்களுடையவை! இந்தச் சொல்லைப் பற்றித்தான் இங்கே எழுத முனைகிறேன்.

அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவரோடு பணிபுரிந்த ஒருவர் வழியாக ஒரு மீனவர் வீடு இரண்டு வாரத்துக்கு 40 ரூபாய் வாடகைக்குக் கிடைத்தது. ஓலை வேய்ந்த இரண்டு அறைகள். வாடகைக்கு வீடு என்றால் முழு வீடும்தானே? வீட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அவரும் அவர் மனைவியும் நான்கு பிள்ளைகளும் முற்றத்து மணலில், வலைக்குவியலுக்கும் துடுப்புகளுக்கும் நடுவே உறங்குவார்கள். எனக்கு அது பொறாமையாக இருந்தது. விண்மீன்களைப் பார்த்துக்கொண்டே உறங்கும் பேறு அவர்களுக்கு வாய்த்திருக்கிறது, நமக்கு ஓலைக்கூரையும் கொசுவும்தானா என்று அம்மாவிடம் சிணுங்கியிருக்கிறேன்.

காலையில் கட்டுமரங்கள் கரையேறும். மரங்களைப் பிணைத்திருந்த கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து மணலில் உலர்த்துவார்கள். சில நாட்களில் கரமடி இழுப்பதைக் காணலாம். நாற்பது ஐம்பது பேர் இரு வரிசையாகக் கயிற்றைப் பற்றி, ஒரே குரலில் ஒலியெழுப்பிப் பின்னோக்கி நடப்பார்கள். நாங்களும் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொள்வோம். எங்கள் பலத்தில்தான் வலை கரைசேர்கிறது என்று நம்புவோம். ஏலம் முடிந்ததும் வீட்டு அம்மா ஓலைக் கடவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக மீன் விற்கப் புறப்பட்டுவிடுவார். அவரை நாங்கள் அத்தை என்று அழைத்தோம். போகுமுன் எங்கள் அடுக்களை வாசலில் ஒரு சட்டி மீனை வைத்துவிட்டுப் போவார். அயிலை, சாளை, சில நாள் நெத்தோலி. அந்த மீனுக்கு ஒரு நாளும் விலை சொன்னதில்லை. தேங்காய் அரைத்த குழம்பும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் அந்த மண்ணுக்கே உரிய உணவு. அதன்பின் எத்தனையோ விருந்துகள் உண்டிருக்கிறேன். அந்தச் சட்டிக்கு ஈடாக ஒன்றும் அமையவில்லை.

இந்த நினைவை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் அருட்கொடையாகப் போற்றிவந்தேன். என் பிள்ளைகளுக்குச் சொன்னேன், பேரப்பிள்ளைகளுக்கும் சொன்னேன்.

ஓர் ஆகஸ்ட் மாத வாரநாள் திருப்பலியில் எண்ணிக்கை நூலின் 11-ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. பாலைநிலத்தில் மன்னாவை உண்டு சலித்த இஸ்ரயேல் மக்கள், எகிப்தில் செலவேதுமின்றித் தின்ற மீனையும், வெள்ளரி, முலாம்பழம், வெங்காயம், பூண்டு ஆகியவற்றையும் எண்ணி அழுகிறார்கள். பலமுறை கேட்ட பகுதிதான். அன்றைக்கு ஏனோ அந்த மீனில் என் மனம் சிக்கிக்கொண்டது. பூண்டு வரைக்கும் நினைவிருக்கிறது. அறுத்த செங்கல் நினைவில்லை, முதுகில் விழுந்த அடி நினைவில்லை. விலையில்லாமலா அந்த மீன் அவர்களுக்குக் கிடைத்தது?

அவர்களாவது தாங்கள் பட்ட துன்பத்தை மறந்தார்கள். அதில் ஒரு வகையான எளிய மனித இயல்பு இருக்கிறது. புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கை அறிக்கை நூலின் பத்தாம் பகுதியில் இதே புதிரை ஆராய்கிறார்: கடந்த துயரை மகிழ்வோடும் கடந்த மகிழ்வைத் துயரோடும் மனிதன் நினைவுகூர்வது எங்ஙனம் என்று வியக்கிறார். நான் மறந்ததோ எனது துன்பத்தை அன்று. பிறர் துன்பத்தை. அதுவும் கண்ணுக்கு முன்னால் நடந்ததை.

ஏனெனில் ஓர் இரவு மழை பெய்தது. 1975 அல்லது 76 ஆக இருக்க வேண்டும். இடியோடு வந்த கோடை மழை. விழித்துப் பார்த்தபோது அம்மா கதவருகே நின்றுகொண்டிருந்தார். வெளியே தாழ்வாரத்து ஓலைக்கடியில் அந்தக் குடும்பம் முழுதும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது; கடைசிக் குழந்தை அத்தையின் முந்தானைக்குள் இருந்தது. "உள்ளே கூப்பிடுங்க, பச்சப்புள்ளை நனையுது" என்றார் அம்மா. "அவுகளுக்கு இது பழக்கம்தான். நாம கூப்பிட்டாக் கூச்சப்படுவாக" என்றார் அப்பா. பிறகு கதவைச் சாத்திவிட்டார், சாரல் அடிக்கிறது என்று.

இந்நிகழ்ச்சியை நான் மறந்தேன் என்று சொல்வது முற்றிலும் உண்மையன்று. நினைவில் இருந்தது, ஆனால் அடுக்களைச் சட்டியும் பாறைகளும் இருந்த அறையில் இல்லை. வேறோர் அறையில், சாத்திய கதவுக்குப் பின்னால் கிடந்தது. ஊர் திரும்பியதும் அம்மா எங்கள் துணிகளையெல்லாம் இரண்டு முறை வெளுத்து, மீன் வாடை போயிற்றா என்று முகர்ந்து பார்ப்பாரே, அந்தக் காட்சியும் அங்கேதான் கிடந்தது. பழைய நாளை எண்ணி ஏங்குவதில் உள்ள தீங்கு அது பொய் சொல்வதில் இல்லை. அந்தக் காற்று உண்மை, மீன் உண்மை, அப்பாவின் தோளில் அமர்ந்து அலை பார்த்தது உண்மை. எதை எங்கே வைப்பது என்பதில்தான் அது தந்திரம் செய்கிறது.

அப்பாவைப் பற்றி இவ்வாறு எழுதுவது நன்றிகெட்ட செயலோ என்று பேனா தயங்குகிறது. ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்து, தமக்கு ஒரு வேட்டி வாங்காமல், எங்களுக்குக் கடலைக் காட்டியவர் அவர். ஏழைக்கு இரங்காதவர் அல்லர். 'பழக்கம்தான்' என்ற சொல் அவருக்குக் கல்நெஞ்சிலிருந்து வரவில்லை. ஓய்வெடுக்க வந்த மனிதனின் களைப்பிலிருந்து வந்தது. மகிழ்ச்சியாக இருக்கும்போது மனிதன் அடுத்தவனின் வலியைப் பழக்கம் என்று பெயரிட்டு ஒதுக்கிவைக்கிறான். நானும் செய்கிறேன். நம் வீட்டு வேலையாள் வெறுந்தரையில் அமர்ந்து உண்பதையும், நம் இரவுப் பேருந்தின் ஓட்டுநர் உறங்காதிருப்பதையும் நாம் எந்தச் சொல்லால் கடந்துபோகிறோம்?

அந்தத் திருப்பலிக்குப் பின் முட்டம் போய்வர வேண்டும் என்று தோன்றியது. போனேன். ஊர் மாறியிருந்தது. மீன்பிடித் துறைமுகம் வந்துவிட்டது. ஓலைக்கூரை ஒன்றும் கண்ணில் படவில்லை. கட்டுமரம் தேடினேன், காணவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் எழுந்தது ஏமாற்றம், ஏறக்குறைய கோபம். என் கடற்கரையை யாரோ கெடுத்துவிட்டாற்போல.

அத்தை மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. என் வயதொத்த மூத்த மகன் இருந்தார். இரு மாடிக் கற்காரை வீடு. "வாத்தியார் மகன்" என்றதும் அடையாளம் கண்டுகொண்டார். பேச்சுவாக்கில் கட்டுமரங்கள் இல்லாமற் போனதை எண்ணி நான் வருந்தினேன். அவர் சிரித்தார்.

"மரத்துல போறவன் இடுப்பு நனையாம போனது உண்டா? முட்டுக் குத்தி உக்காந்து, உப்புத் தண்ணி பட்டுப் பட்டுக் காலு வெடிச்சிரும். உங்களுக்குப் பாக்க அழகா இருந்துது."

பெல்ஜியத்திலிருந்து வந்த இயேசு சபைத் தந்தை பியர் ஜில்லே 1980-களில் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளை வடிவமைத்ததைப் பற்றி அவரே சொன்னார். கட்டுமரத்துக்கு வேண்டிய மென்மரம் அரிதாகி விலையும் ஏறிவிட்ட காலம் அது. அலையைத் தாண்டிச் செல்லவும் கரை மணலில் ஏற்றவும் ஏற்ற படகு. பின்னர் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. எனினும் கடல் எளிதாகிவிடவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை இக்கரையில் குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மேலமணக்குடியையும் அழித்துச் சென்றது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல், ஆழ்கடலுக்குச் சென்றிருந்த தூத்தூர்ப் பகுதி மீனவர் பலரைத் திரும்ப விடவில்லை. அந்தப் பெயர்களையெல்லாம் அவர் ஒருவர்பின் ஒருவராக, நாம் உறவினரைச் சொல்வதுபோலச் சொன்னார். அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தவன், சற்றுமுன் கட்டுமரத்துக்காக வருந்தியவன். பிறர் வறுமை என் கண்ணுக்கு இனிய காட்சியாக இருந்தது என்பதற்காக அது அப்படியே நீடித்திருக்க வேண்டும் என்று விரும்ப எனக்கென்ன உரிமை?

மழை பெய்த இரவைப் பற்றி இறுதியில் கேட்டேவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லும் என் வாயில் வந்துவிட்டது. அவருக்கு அந்த இரவு நினைவில்லை. "எத்தனையோ மழை" என்றார். பிறகு சற்று யோசித்து, அந்த 40 ரூபாயில்தான் வலைக்கு நூல் வாங்குவார்கள், நீங்கள் எப்போது வருவீர்கள் என்று அம்மா நாள் எண்ணிக்கொண்டிருப்பார் என்றார். இன்னொன்றும் சொன்னார். மாலை வேளைகளில் அப்பா மணலில் விரலால் எழுதி அவருக்கு வகுத்தல் கணக்குக் கற்பித்தாராம். ஏலத்தில் பங்கு பிரிக்கும்போது அவரை ஒருவரும் ஏமாற்ற முடிந்ததில்லையாம். "வாத்தியார் போட்ட கணக்கு" என்று அவர் பெருமிதத்தோடு சொன்னபோது எனக்குப் பேச்சு எழவில்லை. அப்பா விரலால் எழுதியதை நான் பார்த்ததாகவே நினைவில்லை. என் நினைவுக்கூடத்தில் அவர் பெயர் சொல்லும் அந்த நல்ல செயலுக்கும் இடமில்லாமற் போயிருந்தது.

ஏக்கத்தோடு போனவனை அவர் ஏற்கவில்லை. குற்றவுணர்வோடு நின்றவனையும் ஏற்கவில்லை. இரண்டிலும் நான்தான் நடுவில் நின்றிருந்தேன் போலும். அவருக்கு அந்த நாட்கள் நூல் வாங்கிய நாட்கள், கணக்குக் கற்ற நாட்கள், சில இரவுகள் நனைந்த நாட்கள். கதவுக்கு அப்பால் இருந்தவரின் நினைவையும் கேட்காமல் என்னுடையதை மட்டும் முழு நினைவு என்று இத்தனை காலம் எப்படி நம்பினேன்?

புறப்படும்போது பனிக்கட்டியிட்டு, தாளில் பொதிந்து, இரண்டு கிலோ அயிலை கொடுத்தார். என் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அவர் முகத்தைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டேன்.

2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண்மணி ஒருவர் வாடை வீசுகிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டதைச் செய்தியில் கண்டு நாம் எல்லோரும் கொதித்தோம். அத்தை நடந்தே விற்ற ஊர்களையும், எங்கள் துணிகளை அம்மா முகர்ந்து பார்த்ததையும் அன்று நான் இணைத்து எண்ணவில்லை. இப்போது பேருந்தில் என் மடியில் பொதி இருந்தது. நாகர்கோவிலை அடையும் முன்பே பனிக்கட்டி உருகித் தாள் நனையத் தொடங்கியது. பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் நகர்ந்தார். பையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிடக் கை துறுதுறுத்தது. மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"என்ன சார் அது?" என்றார்.

"மீன்" என்றேன். "முட்டத்து மீன். எங்கள் வீட்டில் கொடுத்தார்கள்."