வாசிக்கப்படாத சம்மதம்

சம்மதம் என்பது ஒழுக்கவியலில் பெரும் பாரத்தைச் சுமக்கும் ஒரு சொல். ஒருவருடைய வீட்டினுள் நுழைதல், அவருடைய பொருளை எடுத்துச் செல்லுதல், அவருடைய உடலிற் சத்திரசிகிச்சை செய்தல் ஆகிய செயல்கள் அவருடைய சம்மதம் உள்ளவிடத்து நியாயமானவையாகவும், அஃது இல்லாவிடத்துக் குற்றங்களாகவும் கொள்ளப்படுகின்றன. இத்துணை வலிமை வாய்ந்த ஒன்று, இன்று கையடக்கத் தொலைபேசியின் திரையில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்னும் சொல்லின்மீது விரலை வைப்பதனால் நிறைவேறிவிடுகின்றது. அச்சொல்லுக்குப் பின்னே 'தனியுரிமைக் கொள்கை' என்னும் நீண்ட பத்திரம் ஒன்று உளது. அதனை வாசித்தவர் நம்மிடையே எத்தனை பேர்? வாசித்தோருள் விளங்கிக்கொண்டவர் எத்தனை பேர்? விளங்காத ஒன்றிற்கு அளிக்கப்படும் சம்மதம் சம்மதமாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வினா இந்நாட்டுக்குப் புதியதன்று. காணி உறுதிகள் தொடர்பாக நமது சட்டம் இதனை எப்பொழுதோ எதிர்கொண்டுவிட்டது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம், காணிக் கைமாற்றம் எழுத்து மூலமாகவும், நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் முன்னிலையாகவும் நிறைவேற்றப்படுதல் வேண்டும் என விதித்தது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச்சட்டம் அதற்கும் ஒரு படி மேலே சென்றது. கைச்சாத்திடுபவர் உறுதியை வாசிக்க இயலாதவராயின், சாட்சிகள் கேட்கும்படியாக நொத்தாரிசு அதனை வாசித்து விளக்குதல் வேண்டும். அல்லது பிறரைக் கொண்டு வாசித்து விளக்குவித்தல் வேண்டும். அதன் பின்னரே அவர் அவ்வுறுதியை அத்தாட்சிப்படுத்தலாம். வாசித்து விளக்கப்பட்டதெனக் கூறும் வாசகத்தைப் பழைய உறுதிகளின் இறுதிப் பக்கத்தில் இன்றும் காணலாம்.

இவ்விதியின் பின்னாலுள்ள ஒழுக்கக் கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. பெருவிரல் அடையாளம் இடவந்த முதியவரைப் பார்த்து, 'நீர் எழுத்தறிந்து வந்திருத்தல் வேண்டும்' என்று சட்டம் கூறவில்லை. விளங்கவைக்கும் கடமையை, எழுத்தையும் சட்டத்தையும் அறிந்தவர்மீதே அது சுமத்தியது. புதுக்கடையில் நொத்தாரிசுமார் எல்லோரும் அதனைச் செவ்வனே செய்தார்களோ என்பது வேறு விடயம். கடமை எவருடையது என்பதில் மயக்கம் இருக்கவில்லை.

தனியுரிமைக் கொள்கைகள் இம்முறையைத் தலைகீழாக்கிவிட்டன. இங்கு அறியாதவரே தேடி வாசித்து விளங்கிக்கொள்ளல் வேண்டும். தவறினால் பழியும் அவருக்கே. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலீசியா மக்டொனால்ட், லொறி கிரேனர் ஆகிய இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டவர் ஒருவர் தாம் செல்லும் இணையத்தளங்களின் கொள்கைகள் அனைத்தையும் வாசிக்க முற்பட்டால், அதற்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 200 மணித்தியாலம் செலவாகும். ஆங்கிலத்திலேயே பேசிச் சிந்திப்போர் மிக்குள்ள ஒரு நாட்டின் கணக்கு இது. நமக்கோ மொழித்தடை வேறு உளது. கூகுள் போன்ற சில நிறுவனங்கள் தமது கொள்கையைத் தமிழிலும் தருகின்றன. எனினும், இத்தகைய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் எழுத்து மட்டுமே தமிழ். ஆங்கில மூலத்தை அருகில் வைத்துக்கொண்டாலன்றிப் பொருள் புலப்படுவதில்லை.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கோரும் வாசகம் தெளிவும் எளிமையும் உடைய மொழியில் அமைதல் வேண்டும் என்கின்றது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் ஒன்றில் அவ்வறிவித்தலைப் பெறும் வாய்ப்பினை மக்களுக்கு அளித்துள்ளது. தமிழும் அவற்றுள் ஒன்று. சட்டமொழியை எளிமையாக்கினால் பொருள் சிதைந்துவிடும் எனச் சட்டவறிஞர் சிலர் வாதிடுவர். காணி உறுதியின் மொழியும் கடினமானதே. அதனை நொத்தாரிசு சிதைக்கவில்லை, அருகிருந்து விளக்கினார்.

மறைப்பதற்கு எதுவும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் எனக் கேட்போரும் உளர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தோர் இக்கேள்வியை இலகுவிற் கேட்கமாட்டார்கள். 1983 ஜூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்கள் சிலவற்றின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தமை பல நூல்களிலும் சாட்சியங்களிலும் பதிவாகியுள்ளது. அவ்விடாப்புகளில் இருந்தவை பெயரும் முகவரியும் போன்ற சாதாரண விபரங்களே; இரகசியம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. வாக்களிப்பதற்கெனக் கொடுக்கப்பட்ட விபரம், கொடுத்தவர் கனவிலும் கருதாத நோக்கத்துக்குப் பயன்பட்டது. ஆகவே, 'சேவையை மேம்படுத்தவும் பிற நோக்கங்களுக்கும்' என்பது போன்ற தொடரைக் காணுமிடத்து, அந்தப் 'பிற' என்னும் சொல்லின் எல்லை யாது எனக் கேட்க நமக்குக் காரணம் உண்டு.

இனி, கொள்கை முழுவதும் நல்ல தமிழில், இரண்டே பக்கங்களில் எழுதப்பட்டுவிட்டதாகக் கொள்வோம். பிரச்சினை தீர்ந்துவிடுமா? ஒரு நாட்டின் பெருந்தெருவிற் பயணஞ் செய்பவர்கூட அந்நாட்டு அரசுக்கு மௌன சம்மதம் அளித்தவராவார் என்றார் ஜோன் லொக். 'தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்' என இன்றைய நிறுவனங்கள் எழுதுவது இதனையே. டேவிட் ஹியூம் 1748இல் இக்கருத்தை மறுத்தார். உறக்கத்தில் கப்பலேற்றப்பட்ட ஒருவன் கடலிற் குதிக்காமல் இருப்பதனால், கப்பற்றலைவனின் ஆட்சிக்கு உடன்பட்டவனாகிவிடுவானா என்பது அவர் வினா. வட்ஸ்அப் நிறுவனம் 2021 ஜனவரியில் தனது மாற்றிய கொள்கையை ஏற்குமாறு பயனரைக் கேட்டு, முதலில் பெப்ரவரி 8ஆம் திகதியையும், எதிர்ப்பு எழுந்தபின் மே 15ஆம் திகதியையும் தவணையாகக் குறித்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தனித்து வாழும் முதியோர் பலருக்கு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகளின் முகத்தைக் காணும் வழி அதுவே. அவர்கள் எதனை மறுத்திருக்க முடியும்? மறுக்க இயலாதவருக்கு வாசகத்தைத் தெளிவாக்குவது, அவருடைய நிலையை அவருக்குத் தெரியப்படுத்துமேயன்றி மாற்றாது. எவற்றைக் கேட்கலாம், எவற்றைக் கேட்கவே கூடாது என்னும் வரையறையைச் சட்டமே இட வேண்டியதாகின்றது.

இன்னொன்றும் உண்டு. தொலைபேசியிலுள்ள தொடர்பிலக்கங்களை எடுத்துக்கொள்ள ஒருவர் அனுமதிக்கும்போது, அச்செயலியைப் பயன்படுத்தாத அயலவர், மருத்துவர், உறவினர் ஆகியோரின் இலக்கங்களும் உடன் செல்கின்றன. பிறருடைய காணியை ஒருவர் தமதெனக் கைமாற்ற முடியாது என்பது காணிச் சட்டத்தின் பாலபாடம். இங்கோ அந்த அயலவரிடம் எந்தப் பத்திரமும் நீட்டப்படவில்லை. எளிய மொழியிலுமில்லை, கடின மொழியிலுமில்லை.