முட்டுக்கட்டை போடுகிறவள்

நிலத்தை விற்க வேண்டாம் என்று சொல்லும் மனைவியை நம் ஊரில் முட்டுக்கட்டை என்பார்கள். கடன் வாங்கி ஆடம்பரமாகக் கல்யாணம் செய்யாதே என்னும் அக்காவும் முட்டுக்கட்டைதான். மகன் மூன்றாவது முறையாகத் தொழில் தொடங்க நகையைக் கேட்கும்போது கழற்றித் தர யோசிக்கும் அம்மாவுக்கும் அதே பெயர். ஓடுகிற ஒன்றை நிறுத்தப் பார்க்கிறவள், அதனால் வேண்டாதவள் என்பது பொருள்.

இந்தச் சொல் தேரிலிருந்து வந்தது. காவிரிக் கடைமடையில் வாழும் எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம் நிற்கும். எடை முந்நூறு டன் என்பார்கள். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் வரும். ஆனால் அவ்வளவு பெரிய தேரை வீதி முனையில் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் கட்டை கொடுக்கும் சிலர்தான். உருளும் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து, கட்டையை வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் கட்டைக்கு வேலை போய்விடவில்லை. அவர்களைத் தேருக்கு விரோதிகள் என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் இல்லாவிட்டால் தேர் வீட்டுச் சுவரில்தான் போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தேரடியில் மதிப்புள்ள வேலை வீட்டுக்குள் வந்ததும் ஏன் வசையாகிறது? நிறுத்துவது யாருடைய பொறுப்பு, அதற்கு யார் பணம் கொடுக்க வேண்டும், எந்த அளவு பிரேக் போதும் என்று யார் முடிவு செய்ய வேண்டும்? இவற்றை ஒரு காரை வைத்து யோசித்துப் பார்க்கிறேன்.

அந்தக் கார் என் அண்ணன் மகனுடையது. துபாயில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வேளாங்கண்ணி திரும்பியவன், பத்து வருடப் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. சில மாதங்களில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்கியது. நான்கு டிஸ்க்கும் தேய்ந்துவிட்டன, பேடோடு சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார் திருச்சி மெக்கானிக். அவன் தங்கை அதே வீட்டிலிருந்து தினமும் நாகப்பட்டினத்துக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள். முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். ஷூ மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும். மழைக்காலத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று அவள் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு வாரம் முழுக்க அவன் பிரேக்கைப் பற்றித்தான் பேச்சு. "அத்தை, என் வண்டிக்கும் பிரேக் இருக்குன்னு அவங்களுக்கு ஞாபகப்படுத்துங்களேன்" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் முன்னால் இருந்த தேர்வுகள் உண்மையிலேயே சிக்கலானவை. கம்பெனி பேடும் டிஸ்க்கும் விலை அதிகம். வெளிக்கம்பெனி சாமான் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் அதிலும் நல்லது, போலி இரண்டும் உண்டு. பந்தய பேட் என்று ஒரு வகை இருக்கிறது. நன்றாகச் சூடேறிய பிறகுதான் அது முழுமையாகப் பிடிக்கும். பந்தயத் திடலில் அது வரம். காலையில் பால் வாங்கக் கிளம்பும் காரில், முதல் திருப்பத்தில் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால், அதே பேட் ஆபத்து. இன்னும் மேலே போனால் கார்பன் செராமிக் டிஸ்க். 2001இல் போர்ஷே தன் சாலைக் கார்களில் இதைக் கொண்டுவந்தது. எடை குறைவு, சூட்டைத் தாங்கும், சாதாரண ஓட்டத்தில் நெடுநாள் உழைக்கும். சேதமானால், நான்கையும் மாற்றும் செலவில் ஒரு சிறிய புதுக் காரே வாங்கிவிடலாம். அதனால், செராமிக்கோடு வந்த காரைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோகிறவர்களில் பலர் அதைக் கழற்றி வைத்துவிட்டு இரும்பு டிஸ்க் மாட்டிக்கொள்கிறார்கள்.

விலை உயர்ந்ததே சிறந்தது என்ற எண்ணம் இங்கே உடைகிறது. எங்கே, எந்த வேகத்தில், யார் நடுவில் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது நல்ல பிரேக். எங்கள் கடற்கரைச் சாலையில் ஓடும் காருக்கு வேண்டியது முதல் மிதியிலேயே, குளிரிலும் மழையிலும் பிடிக்கும் சாதாரண நல்ல பேட். அதை வாங்கப் பெரும் செல்வம் தேவையில்லை. ஆனால் வாங்குகிறவனின் மனக்கண்ணில் இருந்தது பந்தயத் திடல். சாலையோரத்தில் நடப்பவள் அதில் இல்லை.

'அவன் காசு, அவன் கார், அவன் இஷ்டம்' என்று ஒரு வாதம் உண்டு. ஹெல்மெட் விஷயத்தில் இதற்குக் கொஞ்சமாவது இடம் இருக்கிறது. ஹெல்மெட் போட்டவரின் தலையைத்தான் அது முதலில் காக்கிறது. பிரேக் முதலில் காப்பது எதிரே இருப்பவரை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த ஆற்றல் முழுவதும் டிஸ்க்கில் வெப்பமாக மாறிக் கரைய வேண்டும். கரையாத மிச்சம் இன்னொருவர் உடம்பில் இறங்கும். அந்த இன்னொருவரைக் கேட்டுக்கொண்டு யாரும் பேட் வாங்குவதில்லை. ஆகவே பிரேக் என் சொந்தத் தேர்வு என்று சொல்லும்போது, முகம் தெரியாத ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்ட முடிவை அவர் சார்பில் நானே எடுக்கிறேன்.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இந்த எண்ணைப் படிக்கும்போது எனக்கு ஆகஸ்ட் மாதக் கடைசி நினைவுக்கு வரும். 29ஆம் தேதி கொடியேறினால் செப்டம்பர் 8 வரை திருவிழா. அதற்கு முன்பே சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் காவி உடுத்தியவர்கள் கடலூர், சிதம்பரம், காரைக்கால் வழியாக நடந்து வருவார்கள். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பவர்கள் அதிகம். பெண்கள், குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள், செருப்பில்லாதவர்கள். அவர்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு வெள்ளைக் கோடு.

2024இல் அதே திருவிழா நாட்களில், ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில், சென்னை தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையில் ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. பந்தயத்தை நான் வெறுப்பவள் அல்ல. சென்னையின் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ஆண்களோடு பந்தயம் ஓட்டியதைப் படித்து மகிழ்ந்தவள். பந்தயக்காரர்கள் வேகத்துக்கு விலை இருப்பதை ஒப்புக்கொள்கிறார்கள். அதனால்தான் தடுப்புச் சுவர், கொடி பிடிப்பவர், மருத்துவர், காருக்கும் மக்களுக்கும் நடுவே இடைவெளி எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்த வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் பொதுச்சாலைக்கு வருவதுதான் அறப்பிழை.

திருவாரூரில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. மனுநீதிச் சோழனின் மகன் ஓட்டிய தேரில் கன்று அடிபட்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை, கன்றுதான் குறுக்கே வந்தது, பரிகாரம் செய்தால் போதும் என்றார்கள் அமைச்சர்கள். 'குறுக்கே வந்துவிட்டான்' என்ற சமாதானத்தை நாம் இன்றும் சொல்கிறோம். அரசன் அதை ஏற்கவில்லை என்பதற்காகவே அவனைப் போற்றுகிறோம். ஆனால் மகனையும் அதே சக்கரத்தில் பலியிடும் நீதி எனக்கு உவப்பானதல்ல. நாம் சொல்லிவரும் கதையில் இளவரசனின் தாயின் குரல் கேட்பதே இல்லை. கூட்டம் உள்ள வீதியில் இளைஞன் கையில் அவ்வளவு வேகமான தேரைக் கொடுத்தது யார் என்றும் யாரும் கேட்பதில்லை. கதையில் இறைவன் தோன்றிக் கன்றை எழுப்புகிறார். கடற்கரைச் சாலையில் அப்படி யாரும் எழுந்ததில்லை. தண்டனை பின்னால் வருவது. பிரேக் முன்னால் செய்யும் நீதி.

அந்த நீதியை நாம் எப்படிப் பங்கிடுகிறோம்? 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரை உள்ளவற்றுக்கு, ஒரு பிடியில் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருந்தால் போதும் என்றது அந்த விதி. அது விலை குறைவு, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. வேலைக்கும் கல்லூரிக்கும் போகும் பெண்களின் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. 2018இல் தமிழக அரசு உழைக்கும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியம் தந்தபோது எத்தனையோ பெண்கள் பேருந்துக்கும் கணவருக்கும் காத்திருப்பதை விட்டார்கள். அது பெரிய விடுதலை. நல்ல பிரேக்கும் அந்த விடுதலையின் பகுதியாக இருந்திருக்க வேண்டும். கார்களிலும் இதே கதைதான். ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையில் கட்டாயமானது. பக்கத்து சீட்டுக்கு, புதிய மாடல்களில், 2021 ஏப்ரலில்தான். நம் குடும்பங்களில் பக்கத்து சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பக்கத்து சீட்டைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. லாரி எதிரே வரும்போது அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வலது கால் வெறும் தரையை அழுத்தும். அங்கே பெடல் இல்லை என்று காலுக்குத் தெரியாது. "கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றால், "நீ வந்து ஓட்டுறியா?" என்று பதில் வரும். பக்கத்து சீட்டுக்கும் பிரேக் இருப்பது டிரைவிங் ஸ்கூல் காரில் மட்டும்தான், அதுவும் ஆசிரியருக்கு. வீட்டுக் காரில் பயம் அவளுக்கு, பெடல் அவருக்கு. கடன், குடி, சீட்டு, வரதட்சணை பேரம் எதை எடுத்தாலும் நிலைமை இதுதான். நிறுத்த வேண்டியது அவள் கடமை என்பார்கள். நிறுத்தும் அதிகாரத்தைத் தரமாட்டார்கள். நிற்காமல் மோதிய பிறகு "நீ சொல்லியிருக்கக் கூடாதா" என்று கேட்பார்கள்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். பெண்தான் குடும்பத்தின் பிரேக் என்று புகழ்வதும் பழைய ஆணாதிக்கப் பேச்சுதானே? ஆம். அதனால் அந்தப் புகழ்ச்சி எனக்கு வேண்டாம். ஓட்டுகிறவர் காலடியில் இருக்க வேண்டிய பிரேக்கை மனைவியின் வாயில் வைப்பது ஏமாற்று வேலை. அது அவளை நச்சரிப்பவளாக்கும், அவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும். 1980களில் மூனிக் நகர டாக்சிகளில் ஏபிஎஸ் பொருத்திப் பார்த்தபோது, நல்ல பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில் ஓட்டுநர்கள் இன்னும் துணிந்து ஓட்டினார்கள், விபத்து எதிர்பார்த்த அளவு குறையவில்லை. நிறுத்தும் வேலையை வேறொன்று பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவன் அப்படித்தான் ஓட்டுவான். அந்த வேறொன்று இயந்திரமாக இருந்தால் என்ன, மனைவியாக இருந்தால் என்ன?

நிறுத்துவதன் வரலாற்றிலும் பெண்கள் இருக்கிறார்கள். கார்ல் பென்ஸின் தொழிலுக்குத் திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கொடுத்தவர் பெர்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸைமுக்கு அந்தக் காரை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. இறக்கங்களில் மரப் பிரேக் கட்டை தேய்ந்துபோனது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, கட்டையின் மேல் தோல் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங்கின் தொடக்கம் அதுதான் என்பார்கள். பிறகு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் துணியை வீட்டில் உதறித் துவைத்த மனைவிமார்களுக்கும் அந்தத் தூசியால் புற்றுநோய் வந்தது மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பிரேக்கின் விலைச்சீட்டில் அவர்கள் எழுதப்படவில்லை.

அண்ணன் வீட்டில் கடைசியில் இரண்டு வண்டிக்கும் வேலை நடந்தது. முதலில் ஸ்கூட்டர், பிறகு கார். அந்த வரிசைக்காக அவள் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது. இதை நான் வெற்றியாகச் சொல்லவில்லை. சில நூறு ரூபாய் வேலைக்கு ஏன் சண்டை வேண்டும்?

வீட்டில் வண்டி வாங்கும்போது நிறம், பாட்டுப்பெட்டி, சக்கரத்தின் அழகு எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக்குக்குக் காசு ஒதுக்க வேண்டும். யார் வண்டி மெதுவானது, யார் வண்டி மலிவானது என்று பார்த்து அந்தக் காசைக் குறைக்கக் கூடாது. பக்கத்து சீட்டில் இருப்பவர் மெதுவாகப் போ என்றால் காரணம் கேட்காமல் குறைப்பதை ஓட்டுநரின் கடமையாக்க வேண்டும். பெண்கள் சாவியையும் ஆர்சி புத்தகத்தையும் தங்கள் பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும். பெடல் காலடியில் வந்த பிறகு, முட்டுக்கட்டை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். தேரடியில் அது மரியாதையான வேலை.