பத்தாயிரம் லிட்டர் காற்று

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கும் ஒரே குறை, "இழுவை இல்லப்பா" என்பதுதான். காசிமேட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டு முகத்துவாரக்குப்பத்துக்குப் போகிற டாடா 207, எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கும். இரண்டாவது கியருக்கு இறங்கினால்தான் நகரும். பின்னால் வரும் கன்டெய்னர் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். பாலம் இறங்குவதற்குள் ஓட்டுநர் மனதில் ஒரு முடிவு உருவாகிவிடும். நாசிலை மாற்றிவிட வேண்டும். இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டையாகப் பார்த்து. புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காத சாமானா?

அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். புது வண்டி வாங்க வழியில்லாதவர் இருக்கிற வண்டியில் இன்னும் கொஞ்சம் பலத்தைத் தேடுகிறார். ஆனால் பலம் எங்கிருந்து வருகிறது என்ற கணக்கில்தான் கோளாறு. அந்தக் கோளாறு அவருடையது மட்டுமல்ல.

நாசில் என்பது டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும், சுண்டுவிரல் நீளமுள்ள எஃகுத் துண்டு. அதற்குள் ஓர் ஊசி ஏறி இறங்கும். ஊசிக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு முதல் நான்கு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவில் இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ஒரு நாசிலின் ஊசியை எடுத்து இன்னொன்றில் போடக் கூடாது என்பார்கள். இரண்டும் ஜோடியாகவே உரசித் தேய்த்துச் செய்யப்பட்டவை. ஊசிக்குத் தனியாக எண்ணெய் கிடையாது, உள்ளே ஓடுகிற டீசல்தான் அதற்கு மசகு. டீசலில் மண்ணெண்ணெய் கலந்தாலோ, கடலோர ஈரத்தில் டேங்குக்குள் தண்ணீர் சேர்ந்தாலோ முதலில் அடிபடுவது இந்த ஊசிதான்.

டீசல் இன்ஜின் சாலைக்கு வந்ததே இந்தச் சின்னச் சாமான் சரியாக அமைந்த பிறகுதான். ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் தன் இன்ஜினை ஓட்டிக் காட்டியபோது, எண்ணெயை உள்ளே தள்ளுவதற்கு அழுத்திய காற்று தேவைப்பட்டது. அதற்கென்று தனி கம்ப்ரசர். கப்பலுக்கும் ஆலைக்கும் சரி, லாரிக்கு அது ஆகாது. ராபர்ட் பாஷின் நிறுவனம் 1922இல் வேலையைத் தொடங்கி, 1927இல் டீசல் பம்பைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. அதே நிறுவனத்தின் இந்தியக் கிளைதான் பெங்களூரின் மைகோ. 2008இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியது. பட்டறைகளில் இன்னும் மாறவில்லை, "மைகோ நாசில்" என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு பம்ப் நாசில் பட்டறையில் சோதனையைப் பார்த்திருக்கிறேன். நாசிலைக் கழற்றிக் கொண்டுவந்து, கைப்பிடி வைத்த ஒரு சின்ன பம்பில் பொருத்துவார்கள். பக்கத்தில் அழுத்தமானி. மெக்கானிக் கைப்பிடியை மெதுவாக அழுத்துகிறார், முள் ஏறுகிறது. நூறு, நூற்றைம்பது, இருநூறு கிலோ. அதைத் தாண்டியதும் 'கிர்ர்' என்று ஒரு சத்தத்தோடு டீசல் வெளியே வருகிறது. திரவமாக அல்ல, பனிப்புகை மாதிரி. துளைக்கு ஒரு விசிறியாக, நான்கைந்து விசிறிகள். நல்ல நாசில் என்றால் சத்தம் சீராக இருக்கும், அடித்து முடித்ததும் நுனி காய்ந்திருக்கும். கெட்டுப்போனது என்றால் ஒரு பக்கம் மட்டும் கோடாகப் பீய்ச்சும், முடிவில் நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டைக் காட்டித்தான் மெக்கானிக் வாடிக்கையாளரை நம்ப வைப்பார். "கைய மட்டும் முன்னாடி நீட்டிடாதீங்க" என்று என்னிடம் சொன்னார். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பிறகு விரலைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

அங்கே ஒரு வண்டிக்காரர் கேட்டார்.

"அண்ணே, ஓட்ட கொஞ்சம் பெருசா இருக்கறதா பாத்துப் போட்டா நல்லா இழுக்கும்ல?"

"இழுக்கும் தம்பி. பாலம் ஏறிடும். பின்னாடி வர்றவனுக்குத்தான் கண்ணு தெரியாது."

"அது பரவால்லண்ணே."

"ஏர் ஃபில்டர் எப்ப மாத்துன?"

"அத்த யாரு பாத்தது?"

மெக்கானிக் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தார். பாடம் அவர் கேட்ட அந்த ஏர் ஃபில்டர் கேள்வியில்தான் இருக்கிறது.

மூன்று லிட்டர் இன்ஜின், நான்கு சிலிண்டர். முழு பாரத்தில் ஒரு சிலிண்டருக்குள் ஒரு தடவை அடிக்கப்படும் டீசல், ஒரு சொட்டுத் தண்ணீர் அளவுகூட வராது. நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு இருபது தடவை அந்தச் சொட்டு விழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிடைக்கும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு சில பங்குதான். அதற்குள் அது பொடியாகிச் சிதறி, ஆவியாகி, காற்றோடு கலந்து, எரிந்து முடிய வேண்டும். டீசல் எடைக்குப் பதினான்கரை மடங்கு எடையுள்ள காற்று இருந்தால்தான் அது ஏட்டுக் கணக்கிலாவது முழுதாக எரியும். அவ்வளவு குறுகிய நேரத்தில் ஏட்டில் உள்ளபடி எல்லாம் கலந்துவிடாது என்பதால், நடைமுறையில் இன்னும் கூடுதலாக வேண்டும். பதினெட்டு மடங்குக்குக் கீழே போனாலே கரும்புகை தலைகாட்டும்.

இதையே லிட்டரில் சொன்னால் உறைக்கும். ஒரு லிட்டர் டீசலை எரிக்கக் குறைந்தது சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். பெட்ரோல் பங்கில் நாம் காசு கொடுப்பது அந்த ஒரு லிட்டருக்குத்தான். பத்தாயிரத்துக்கு பில் கிடையாது, அதனால் ஞாபகமும் கிடையாது.

ஓட்டையைப் பெரிதாக்கினால் என்ன நடக்கும்? பழைய பம்ப் வண்டிகளில் எவ்வளவு டீசல் என்பதை முடிவு செய்வது நாசில் அல்ல, பம்புதான். நாசில் துளையின் விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் பரப்பு இருபத்தொரு சதவீதம் கூடும். வழி அகலமானதும் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் சொட்டுகள் பருத்துவிடும், பருத்த சொட்டு முழுதாக எரியாது. வெறும் நாசிலை மாற்றியதில் எதிர்பார்த்த பலம் வரவில்லை என்று தெரிந்ததும் அடுத்த கட்டம். பம்பில் ஈய சீல் வைத்த ஒரு திருகு இருக்கும், முழு பாரத்துக்கான டீசலுக்கு வரம்பு வைக்கும் திருகு. சீலை அறுத்து அதைத் திருகுவார்கள். இப்போது நிஜமாகவே டீசல் கூடும், கொஞ்சம் இழுவையும் கூடும். ஆனால் உறிஞ்சப்படும் காற்று பழைய அளவுதான். அடுப்பில் விறகைத் திணித்தால் தணல் வராது, புகைதான் வரும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அவர்கள் ஒரு கட்டையை வெளியே இழுத்துவிட்டுத்தான் ஊதுவார்கள்.

பொதுமக்களுக்குச் சொல்லும்படி இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பல பழைய வண்டிகளில் இழுவை குறைவதற்கு நாசில் காரணமே அல்ல. எண்ணூர் சாலையின் தூசியும் நிலக்கரிப் பொடியும் அடைத்த ஏர் ஃபில்டர்தான் காரணம். அதை மாற்றி, பம்ப் டைமிங்கைப் பார்த்து, தேய்ந்த நாசிலுக்குக் கம்பெனி சொன்ன அதே அளவில் புதிது போட்டால், வண்டி பிறந்தபோது இருந்த பலம் திரும்பிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் டர்போ இருக்கிறது. அதுவும் டீசலைக் கூட்டும் சாமான் அல்ல, காற்றைக் கூட்டுவது. புது காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் 1,400 பாருக்கு மேல், சிலவற்றில் 2,000 வரை போகிறது. அதே டீசலை இன்னும் பொடியாக நொறுக்கி, காற்றைத் தேடிப் போய்ச் சேர வைப்பதற்குத்தான் அத்தனை பாடும். நூறு வருட டீசல் வரலாற்றை ஒரு வரியில் சொல்லச் சொன்னால், காற்றிடம் பணிந்துபோகக் கற்றுக்கொண்ட வரலாறு என்றே சொல்வேன்.

எரியாத டீசல் என்ன ஆகிறது? அது மறைந்துபோவதில்லை. கரியாக வெளியே வந்து, பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரின் நெஞ்சில் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. ஓட்டுநருக்கு டீசல் செலவு கூடியது தெரியும். மிச்சச் செலவை யாரோ கட்டுகிறார்கள், அது அவர் கணக்கில் வருவதில்லை.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: எண்ணூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு 207இன் புகையைப் பற்றிப் பேசுகிறாயே, சுற்றிலும் என்ன நிற்கிறது என்று தெரியவில்லையா? நியாயமான கேள்வி. கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில் நிற்கிறது முகத்துவாரக்குப்பம். அதைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை எத்தனை! 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிறகு அசோக் லேலண்ட். 1969இல் மணலி சுத்திகரிப்பு ஆலை. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம். 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001இல் எண்ணூர் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. நாட்டுக்கு லாரி வேண்டும், டீசல் வேண்டும், நகரத்துக்கு மின்சாரம் வேண்டும். மறுக்க முடியாது. நானும் அந்த மின்சாரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் அந்த வண்டிக்காரர் பட்டறையில் கேட்டதும் இதையேதான்: இன்னும் கொஞ்சம் ஊற்றலாமா? "ஏர் ஃபில்டர் எப்ப மாத்துன?" என்று திருப்பிக் கேட்க அவருக்கு ஒரு மெக்கானிக் இருந்தார். எண்ணூருக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. கேட்டவர்கள் இருந்தார்கள், மீனவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் திருகு அவர்கள் கையில் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக ஆற்றில் இறங்கி கழிமுகம் முழுக்கப் பரவியது. மணலி சுத்திகரிப்பு ஆலையான சி.பி.சி.எல். வளாகத்து மழைநீரில் எண்ணெய் கலந்து வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் தெரிவித்தது. தங்கள் குழாய்களில் கசிவு இல்லை என்றது நிறுவனம். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஆட்களின் படகிலும் வலையிலும் அது தார் போலப் படிந்தது. அவர்களே பக்கெட்டாலும் குவளையாலும் அள்ளி பீப்பாயில் ஊற்றினார்கள். இன்ஜினுக்குள் ஒரு சொட்டை மைக்ரான் கணக்கில் அளந்து அடிக்கத் தெரிந்த நாம், வெளியே வந்த எண்ணெயைக் குவளையால்தான் அள்ளினோம். காசு கொடுத்து வாங்கியதை அளக்கக் கற்றுக்கொண்டோம். காசு கொடுக்காமல் கிடைத்த காற்றையும் ஆற்றையும் அளக்கவே இல்லை. எவ்வளவு ஊற்றலாம் என்பதை ஊற்றுகிறவரின் ஆசை முடிவு செய்வதில்லை, இலவசமாகக் கிடைக்கிற அந்த மிச்சப் பங்குதான் முடிவு செய்கிறது. நாசில் கடையில் இது நாள்தோறும் நிரூபணமாகிறது. நகரத்தின் கணக்கில் மட்டும் ஏறவில்லை.

பழைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில், புகையின் அடர்த்தியை அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் 65 வரம்பு. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டி வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு நிற்க வேண்டும், தேறவில்லை என்றால் ரோட்டுக்கு வரக் கூடாது. மணலிக்கும் அப்படி ஒரு சோதனை நடந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் அதை மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளின் பட்டியலில் வைத்தது. 2010இல் புதிய திட்டங்களுக்குத் தடை வந்தது, பிறகு தடை விலகியது. எஃப்.சி. தேறாத வண்டிக்கு இன்னும் பாரம் ஏற்றியது போலத்தான். ஒரு 207 ஓட்டுநரிடம் காட்டும் கண்டிப்பில் பாதியைக்கூட நாம் அங்கே காட்டவில்லை.

450 மெகாவாட் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதே இடத்தில் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 டிசம்பரில் நடந்தது, வந்தவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். இப்படியான கூட்டம் உங்கள் ஊர்ப் பக்கம் நடந்தால் தவறாமல் போங்கள். எத்தனை டன் எரிக்கப்போகிறார்கள், எத்தனை மெகாவாட் வரும், எத்தனை பேருக்கு வேலை என்பதெல்லாம் அறிக்கையில் அச்சாகியிருக்கும். ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பவை போக, அந்த ஊரில் எவ்வளவு காற்று பாக்கி இருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் உட்காராதீர்கள்.