யாருடைய ரிஸ்க்?

வேறொரு நாட்டில் கடை விரிக்குமுன் நிறுவனங்கள் கணக்குப் பார்க்கின்றன. மக்களிடம் காசு இருக்கா? பழக்கவழக்கம் ஒத்துவருமா? ஆட்சி நிலைக்குமா? எல்லாமே ‘நமக்கு என்ன ஆகும்’ என்ற ஒரே கேள்விதான்.

நார்வே அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் டெலினார், 2014இல் மியான்மரில் சேவையைத் தொடங்கியது. ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற சிம் கார்டு, ஒன்றரை டாலர் அளவுக்கு இறங்கியது. சின்ன விஷயமில்லை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்கச் சொல்லி நெருக்கியது. உடன்பட மறுத்த டெலினார், 2022 மார்ச்சில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளியேறியது. சுமார் 1.8 கோடி பேரின் விவரங்களும் அழைப்புப் பதிவுகளும் கூடவே கைமாறின.

கறைபடாமல் வந்துவிட்டோம் என்று நிறுவனம் சொல்லலாம். அந்த எண்ணிலிருந்து போராட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் எங்கே வெளியேறுவார்?

அப்போ போயிருக்கவே கூடாதா? அவங்களுக்கு ஃபோன் வேண்டாம் என்று இங்கே உட்கார்ந்து நாம் எப்படித் தீர்மானிப்பது? ஆனால் அது அரை நூற்றாண்டு ராணுவ ஆட்சியைப் பார்த்த நாடு. மறுபடி ராணுவம் வந்தால் இந்தப் பதிவுகள் யார் கைக்குப் போகும் என்பதை உரிமம் வாங்கிய நாளிலேயே கேட்டிருக்கணும். நஷ்டத்தைக் கணக்கிட்டவர்களுக்கு இதைக் கணக்கிடத் தெரியாமலில்லை.