இரகசிய வாக்கும் இரகசிய வாக்குறுதியும்

வாக்குச் சீட்டை மறைவிலே இடும் உரிமை எளிதாகக் கிடைத்ததன்று. 1838ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொழிலாளர் இயக்கம் வெளியிட்ட மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளுள் அதுவும் ஒன்று. அக்காலத்தில் வாக்காளர் பலர் முன்னிலையில் தம் தெரிவை வாய்விட்டுச் சொல்லவேண்டியிருந்தது. நிலக்கிழார் கேட்டுக்கொண்டிருக்க, அவரது நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் வேறு யாருடைய பெயரைச் சொல்லியிருக்க முடியும்? 1872ஆம் ஆண்டுச் சட்டமே இந்நிலைக்கு முடிவு கட்டிற்று.

இச்சீர்திருத்தத்தை எதிர்த்தவருள் ஜோன் ஸ்டூவர்ட் மில்லும் ஒருவர் என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். வாக்கு ஒருவரின் தனிச்சொத்தன்று. மக்கள் பொருட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. ஆதலின் அது மக்கள் கண்முன்னே பயன்படுத்தப்பட வேண்டும் என்று அவர் 1861இல் வாதிட்டார். பிழைப்பை இழக்க அஞ்சுபவரிடம் பகிரங்கத்தைக் கோருவது நீதியாகாது என்பதை அவர் போதிய அளவு கருதவில்லை. ஆயினும் அவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. பொதுக் காரியம் பொதுமக்கள் பார்வையில் நிகழ வேண்டும். அக்கடமை வலிமை குன்றிய வாக்காளருக்குரியதன்று. வாக்குக் கேட்டு வருபவருக்கே உரியது. வாக்கு இரகசியமாகவும் வாக்குறுதி பகிரங்கமாகவும் இருக்கும்போதே மக்களாட்சி பொருளுடையதாகும்.

பொதுக்கூட்ட மேடை இவ்வொழுங்கை ஓரளவேனும் காத்தது. மேடையில் நிற்பவர் பொய் சொல்லலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்ல முடியும். முதலாளிக்கு ஒன்றும் தொழிலாளிக்கு வேறொன்றும் வாக்களித்தால், இருவரும் ஒரே மைதானத்தில் நின்று கேட்டுவிடுவர்.

இன்று அந்த மைதானம் இலட்சக்கணக்கான கைத்தொலைபேசிகளாகச் சிதறியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகுவதா என்பது பற்றி 2016 யூன் 23இல் நடந்த வாக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். விலகலை வேண்டிய பிரதான அமைப்பு ஏறத்தாழ 27 இலட்சம் பவுணை ஒரு கனேடியக் கம்பனியின் வாயிலாகச் செலவிட்டது. அதிற் பெரும்பகுதி பேஸ்புக் விளம்பரங்களுக்கே சென்றது. அவ்விளம்பரங்களைப் பாராளுமன்றக் குழுவொன்று வெளியிட்டது 2018 யூலையில். விலங்குகள்பால் அன்புடையோரைக் கவர எருதுச் சண்டையும் பனிக்கரடியும் காட்டப்பட்டிருந்தன. வேறு சில, ஒன்றியம் நமது தேநீரையே ஒழிக்கப்போகிறது என்றன. இன்னும் சில, துருக்கி ஒன்றியத்தில் சேரப்போகிறது என அச்சமூட்டின. ஏறத்தாழ 13 இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஒரு நாட்டின் பாதை முடிவாயிற்று. அம்முடிவுக்காக மக்கள் காதில் ஓதப்பட்டவை யாவை என்பதை நாடு முழுமையாகக் கண்டது ஈராண்டுகளின் பின்னரே!

இவ்விடத்தில் மிகைப்படுத்தலைத் தவிர்த்தல் நன்று. சுமார் 3 இலட்சம் பேர் நிரப்பிய ஒரு செயலியின் வழியாக, அவர்களுடைய நண்பர்கள் உட்பட 8 கோடி 70 இலட்சம் பேர் வரையிலானோரின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்னும் நிறுவனத்தின் கைக்குச் சென்றிருக்கலாம் எனப் பேஸ்புக் 2018இல் ஒப்புக்கொண்டது. ஆயினும் மேற்கூறிய வாக்கெடுப்பில் அந்நிறுவனம் பெருமளவில் ஈடுபட்டதற்குச் சான்றில்லை என்றே பிரித்தானியத் தகவல் ஆணையாளர் 2020இல் முடிவு கூறினார். மக்களின் மனத்தை யாரோ மந்திரத்தால் மாற்றிவிட்டார் என்பதல்ல நமது குற்றச்சாட்டு. வாக்காளரின் வயது, ஊர், விருப்பு, அச்சம் ஆகியன விலைக்குக் கிடைக்கின்றன; வாக்குக் கேட்பவரோ எவரிடம் எதைச் சொன்னார் என்பது மறைக்கப்படுகிறது. மறைவு இடம் மாறிவிட்டது என்பதே நமது குற்றச்சாட்டு.

வீடுவீடாகச் சென்று வாக்குச் சேகரித்தோரும் வீட்டுக்கொரு பேச்சுப் பேசவில்லையா எனச் சிலர் கேட்பர். பேசினர். ஆனால் அவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். அவர் போனபின் வேலிக்கு அப்பாலுள்ள அயலவரோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். விளம்பரத்திடம் கேள்வி கேட்க முடியாது; அயலவருக்கு வந்தது யாதென்றும் தெரியாது. அளவு பெருகுமிடத்துத் தன்மையும் மாறிவிடுகிறது.

எனவே புதிய சாதனத்தையே வெறுக்க வேண்டுமா? அஃதன்று. செல்வர்களின் பத்திரிகைகள் புறக்கணிக்கும் குரல்களுக்கு அது வழி திறந்துள்ளது. 2016இல் அமெரிக்காவில் பேர்னி சாண்டர்ஸ், பெரும் கம்பனிகளை நாடாது, சாதாரண மக்களின் சிறு நன்கொடைகளை இணையத்தின் வழியே திரட்டிப் போட்டியிட்டார். இயந்திரங்களை உடைத்த தொழிலாளர் காலப்போக்கில் அறிந்துகொண்டது போல, பகை கருவியில் இல்லை. அது யாருடைய உடைமை, யாருக்குப் பதில் சொல்கிறது என்பதிலேயே உள்ளது. 2018 முதல் பேஸ்புக் பல நாடுகளில் அரசியல் விளம்பரங்களைப் பொதுக் களஞ்சியமொன்றில் வைத்து வருகிறது. எனினும் அது கம்பனி தானே திறந்து தானே மூடக்கூடிய கதவு. பணம் தந்தவர் யார், எவரைக் குறிவைத்தார் என்பன வெளிப்பட வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டமியற்றியது. அது 2025 ஒக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வருமுன், ஒன்றியத்துள் அரசியல் விளம்பரங்களை விற்பதையே நிறுத்துவதாக மெற்றாவும் கூகிளும் அறிவித்தன. விதிகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்பது அவை கூறிய காரணம். காரணம் எதுவாயினும், பகிரங்கத்தை நிபந்தனையாக்கியதும் கடை மூடப்பட்டது சிந்திக்கற்பாலது.

அறநோக்கில் இதன் சாரம் யாது? தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு விளம்பரமும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் ஒருவருக்குச் சொன்னதை மற்றவரிடம் மறைக்கும்போது முழுமை பொய்யாகிறது. தேர்தல் என்பது தனிமனித விருப்பங்களின் கூட்டுத்தொகை மட்டுமன்று. மக்கள் ஒன்றுகூடித் தரும் ஆணை. காரணங்கள் பொதுவில் இல்லையெனில் ஆணை ஏது? வென்றவர் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்பதை எவரும் எடுத்துக்காட்ட முடியாத நாட்டில், வாக்குறுதி மீறப்பட்டது என்று குற்றஞ்சாட்டவும் முடியாது.

வாக்குக் கேட்பவர் யாராயினும், நமக்கு வேண்டியவராயினும், அவர் எவருக்கு என்ன சொன்னார் என்பது அனைத்தும் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும் என்பதே இன்று எழ வேண்டிய கோரிக்கை. அது சட்டமாகும்வரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. உமது கைத்தொலைபேசிக்கு வந்ததை அயலவருக்குக் காட்டும். அவருக்கு வந்ததைக் கேட்டுப் பாரும். மைதானம் மீண்டும் கூடுவது அங்கிருந்துதான்.