ஏழு பாயின்ட்

லாஸ்பேட்டையில் குறிஞ்சி நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. மலையும் மலை சார்ந்த இடமும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதே குறிஞ்சி. என்ன, மொட்டை மாடியில் ஏறி நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை மட்டும் தெரியாது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, மே மாதம் வந்தால் லாஸ்பேட்டைக்காரர்களுக்கு மலை ஞாபகம் வந்துவிடுகிறது. மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி, விழுப்புரம், சேலம் தாண்டி, விடியற்காலையில் மேட்டுப்பாளையம். அப்புறம் மலை. சனிக்கிழமை முழுக்க ஊட்டி, குன்னூர் சைட் சீயிங். அன்று ராத்திரியே திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி துவைக்கலாம்.

என்னென்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் உங்கள் பையன் விரல் விட்டுச் சொல்வான். தொட்டபெட்டா, பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், டீ ஃபேக்டரி. குன்னூர்ப் பக்கம் சிம்ஸ் பார்க், லேம்ஸ் ராக், டால்ஃபின் நோஸ். மொத்தம் ஏழு பாயின்ட். நோட்டீஸிலேயே அப்படித்தான் போட்டிருக்கும். ஊர், இடம் என்றெல்லாம் கிடையாது. பாயின்ட். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம். 'சீக்கிரம் ஏறுங்க ஸார், இன்னும் மூணு பாக்கி இருக்கு' என்று டிரைவர் ஹாரன் அடிப்பார். அவர்தான் கைடும். 'அந்தப் பாட்டு எடுத்தது இங்கதான்' என்று அவர் கை காட்டும் பக்கமெல்லாம் பதினைந்து தலைகள் திரும்பும்.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். எனக்கு அந்த உத்தேசம் இல்லை. சீட்டுப் பணம் எடுத்து, வயசான அம்மாவுக்கு ஒரு தடவையாவது மலைக் குளிரைக் காட்டிவிட வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போகிற மகனைக் கிண்டல் செய்ய யாருக்கும் அருகதை கிடையாது. என் கேள்வி வேறு. ஓர் ஊரைப் பார்க்கப் போகிற நமக்கு, அந்த ஊருக்குத் தர வேண்டிய கடன் ஏதாவது உண்டா? வண்டி வாடகை, என்ட்ரன்ஸ் டிக்கெட், பார்க்கிங் எல்லாம் கொடுத்தாகிவிட்டதே, அதோடு கணக்குத் தீர்ந்ததா?

இந்தக் கேள்வியை லாஸ்பேட்டைக்காரர்களிடம் கேட்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

சனிக்கிழமை காலை இ.சி.ஆர். ரோட்டில் சிவாஜி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலை வரை போய்ப் பாருங்கள். சென்னை கார், பெங்களூரு கார், காருக்குள்ளிருந்து ரோடு அதிரப் பாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் உள்ள வீட்டில் குடியிருப்பவர் பாடு இன்னும் மோசம். பால் வாங்கக் கதவைத் திறந்தால் வாசற்படியில் கல்யாணப் போட்டோவுக்காக ஒரு ஜோடி. 'ஆன்ட்டி, ஒரு நிமிஷம் தள்ளிக்கோங்க, ஃப்ரேம்ல வர்றீங்க' என்கிறார் கேமராக்காரர். அவர் சொந்த வீட்டு வாசலில்!

'வீக் எண்ட் வந்தாலே நம்ம ஊரு நம்மளுது இல்ல' என்று நீங்கள் அலுத்துக்கொள்வது நியாயம்தான். அதே வாக்கியத்தை மே மாதம் ஊட்டி சேரிங் கிராஸில், பால் கேனோடு நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் முறைத்துப் பார்ப்பது உங்கள் வேனின் பி.ஒய். நம்பர் பிளேட்டை.

அப்படியானால் யாரும் எங்கும் போகக் கூடாதா?

அப்படிச் சொன்ன பெரிய மனிதர்கள் உண்டு. ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் குடியிருந்தவர். அந்த மலைகளையும் ஏரிகளையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்று கைடு புத்தகம் எழுதி ஊருக்கு ஆள் சேர்த்தவரும் அவர்தான். 1844-ல் அங்கே ரயில் வரப்போகிறது என்றதும் எதிர்த்துக் கவிதை எழுதினார், பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இயற்கையை ரசிப்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி வர வேண்டிய விஷயம், உழைக்கும் ஜனங்களைக் கும்பலாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கும் பிரயோஜனம் இல்லை, இடமும் கெடும் என்பது அவர் கட்சி. 1847-ல் ரயில் வந்துவிட்டது.

அதற்குச் சில வருடம் முன்பே, 1841 ஜூலை 5 அன்று, தாமஸ் குக் என்பவர் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு சுமார் 500 பேரை ரயிலில் கூட்டிப் போயிருந்தார். இன்றைய பேக்கேஜ் டூருக்கெல்லாம் அவரைத்தான் தாத்தா என்கிறார்கள். போனது எதற்கு? மதுவிலக்குக் கூட்டத்துக்கு. அப்படிப் பிறந்த டூர் இன்று எதை நாடிப் புதுச்சேரிக்கு வருகிறது என்பதை உங்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

வேர்ட்ஸ்வொர்த்தின் கவலையில் உண்மை இருந்தது. ஆனால் 'நான் பார்த்தாயிற்று, இனிமேல் கதவைச் சாத்து' என்கிற குரலும் அதில் இருந்தது. ஊட்டியின் கதையும் அப்படித்தான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலை ஏறினார். 1820-களில் வீடு கட்டினார், ஏரி உண்டாக்கினார். பின்னால் வெள்ளைக்காரர்களின் கோடை வாசஸ்தலமாகிவிட்ட அந்த ஊரின் கிளப்புகளுக்குள் நம்மவர்கள் நுழைந்தது டிரே தூக்கிக்கொண்டுதான். அதே ஏரியில் இன்று லாஸ்பேட்டை நெசவாளி ஒருவரின் பேத்தி பெடல் போட்டில் சிரித்துக்கொண்டு போகிறாள் என்றால், அது சின்ன விஷயமில்லை. வீட்டிலேயே இரு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

கூட்டத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பது வேறு விஷயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று கோர்ட் கணக்கே போட்டுக் கொடுத்தது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு பாஸ் தேவையில்லை. பணக்காரன் ஏழை என்று பார்க்காமல் வண்டியை எண்ணுகிற ஏற்பாடு, நியாயமானது. ஆனால் வண்டியைத்தான் எண்ண முடியும். 8,000-ல் ஒன்றாக உள்ளே போன வேனில் உட்கார்ந்திருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எந்த பாஸிலும் அச்சடிக்க முடியாது. அது நம் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை வண்டிக்குள்ளேயே ஆரம்பிக்கலாம். உங்கள் டிரைவர் வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஓட்டி வந்தவர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பதினாலு கொண்டை ஊசி வளைவு. காலையில் நீங்கள் லாட்ஜில் ரூம் போட்டுக் குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவர் எங்கே இருந்தார்? ஸ்டியரிங்குக்குப் பின்னால், சீட்டைச் சாய்த்துக்கொண்டு, மலைக் குளிரில், ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு. டூரிஸ்ட் வண்டி டிரைவர்கள் படுத்துத் தூங்க ஓட்டல்களிலும் லாட்ஜுகளிலும் இடம் ஒதுக்க வேண்டும் என்று 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளையே திருத்த வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள். கூட வந்த மனிதன் தூங்கினானா என்று நாம் கேட்காததால், சர்க்கார் கேட்க வேண்டி வந்திருக்கிறது.

நம் அம்மா, நம் பிள்ளைகள், அத்தனை வளைவுகள். எல்லாவற்றையும் தூங்காத ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, 'ஏழுன்னு பேசிட்டு ஆறுதான் காட்டினீங்க' என்று அவரிடம் சண்டை பிடிக்கிறோம். கருணையை விடுங்கள், கணக்காகப் பார்த்தாலும் இது புத்திசாலித்தனமா?

அடுத்து டீ ஃபேக்டரி. சூடாக ஒரு சின்னக் கப் டீ தருவார்கள், ஏலக்காய் வாசனையோடு. மெஷினைக் காட்டுவார்கள். கடைசியில் கடை வழியாகத்தான் வெளியே வர முடியும். இலையைப் பறித்தவர்கள் யார் என்பது எந்த போர்டிலும் இருக்காது. வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊர்களிலிருந்து இலங்கை மலைகளுக்குத் தேயிலை பறிக்கப் போன குடும்பங்கள் எத்தனையோ. இரண்டு மூன்று தலைமுறைக்குப் பிறகு, 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி, அவர்களில் லட்சக்கணக்கானவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. இன்று டான்டீ என்கிறோமே, அதுதான். ஒரு மலையில் பிறந்து, 'உன் ஊர் இது இல்லை' என்று கப்பலேற்றி, இன்னொரு மலையில் கொண்டுவந்து விடப்பட்ட பாட்டிகள் அங்கே இருக்கிறார்கள். வேன் ஜன்னல் வழியாக 'ஆஹா, பச்சைக் கம்பளம்' என்று நாம் போட்டோ எடுத்த சரிவு அவர்களுடைய முதுகு வலி. டீ வேண்டாம் என்று சொல்லவில்லை. குடிக்கும்போது அவர்களை ஒரு தடவை நினைத்துக்கொண்டால் போதும், நாம் பார்த்த மலை பெரிதாகிவிடும்.

பொட்டானிக்கல் கார்டன் மேட்டில் தோடர் மந்து ஒன்று இருக்கிறது. மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. உதகமண்டலம் என்ற பேரே ஒரு மந்தின் பேரிலிருந்து வந்ததுதான். ஊரே அவர்களுடையது, இப்போது அவர்கள் அங்கே ஒரு பாயின்ட்! அரை பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி இருக்கிற அந்த வீட்டின் முன்னால் நின்று போட்டோ எடுக்கும்போது, உள்ளேயிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொல்கிறோம். ஒயிட் டவுன் ஆன்ட்டி ஞாபகம் வருகிறார் அல்லவா? வர வேண்டும். வாசலில் நிற்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நிற்பதற்கு எந்தக் கட்டணமும் இல்லை.

'நாங்க போகலைன்னா அந்த டிரைவருக்கும் கடைக்காரருக்கும் சோறு எப்படி ஸார் கிடைக்கும்?' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. நீங்கள் கொடுக்கும் காசில்தான் அங்கே பல வீட்டில் உலை கொதிக்கிறது. புதுச்சேரியிலும் அப்படியே. இதை மறுத்துப் பேசுவது பாவம். ஆனால் காசு சில இடங்களுக்குத்தான் போய்ச் சேரும். போட்டிங் டிக்கெட் எத்தனை விற்றும், கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊர்க் கழிவு அந்த ஏரியில் கலக்கிறது என்ற புகார் பல வருடமாக இருக்கிறது. காசு வாடிக்கையாளனின் கடனைத் தீர்க்கும். விருந்தாளியின் கடன் வேறு வகை.

திருக்குறளில் விருந்தோம்பல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. பத்துக் குறளும் வீட்டுக்காரருக்குத்தான். முகம் கோணாமல் வரவேற்க வேண்டும், வந்தவர் பட்டினியாக இருக்கும்போது தான் மட்டும் உண்ணக் கூடாது என்று எல்லாக் கடமையும் அவர் தலையில். வருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனி அதிகாரம் கிடையாது. வள்ளுவர் காலத்தில் அதற்குத் தேவை இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவனுக்குக் குரல் தானாகவே தணிந்திருக்கும். காசு கொடுத்துவிட்டோம் என்கிற தெம்பு வந்த பிறகுதான் அந்த அதிகாரத்துக்கு அவசியம் வந்திருக்கிறது. அதை எழுத உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. வெளியூர்க்காரர் வந்து உங்கள் ஊரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? மெதுவாக ஓட்ட வேண்டும், வாசலில் குப்பை போடக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான். அதையே சுருட்டி வேனில் எடுத்துப் போங்கள்.

இந்த விருந்தாளிக்கு லாபமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இயற்கை பார்க்கப் போனவர்கள் கையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வைத்திருந்தார்கள். கிளாத் லொரேன் என்ற ஓவியரின் பேரால் கிளாத் கண்ணாடி என்று அதற்குப் பெயர். மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணாடிக்குள் ஓவியம் மாதிரித் தெரிகிற மலையைப் பார்ப்பார்கள். 1769-ல் ஏரி மாவட்டத்துக்குப் போன கவிஞர் தாமஸ் கிரே அப்படிப் பார்த்துக்கொண்டே போய் ஒரு சேற்றுச் சந்தில் விழுந்து கைமுட்டியைப் பெயர்த்துக்கொண்டார். தொட்டபெட்டாவில், 2,637 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறவர்களைக் கேலி செய்கிற பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியாதி பழசுதான், செல்போன் புதுசு. எடுங்கள், இரண்டு எடுங்கள். அப்புறம் ஒரு தடவை திரும்பி நில்லுங்கள்.

அடுத்த மே மாதம் வேன் பேசும்போது ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். 'ஏழு வேண்டாம், அஞ்சு போதும்' என்று சொல்லுங்கள். மிச்சமாகும் ஒன்றரை மணி நேரத்தில் டிரைவர் எங்காவது நிழலில் வண்டியைப் போட்டுத் தூங்கட்டும். நீங்கள் பக்கத்தில் எங்காவது உட்காருங்கள், பிள்ளைகள் ஓடி விளையாடட்டும். அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்ததும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, 'உங்களுக்கு எந்த ஊருண்ணே, உங்களுக்குப் பிடிச்ச இடம் இங்க எது?' என்று கேளுங்கள். நோட்டீஸில் இல்லாத ஏதோ ஒரு திருப்பத்தை அவர் காட்டக்கூடும். காட்டாவிட்டாலும் நஷ்டமில்லை.

விட்டுப்போன இரண்டு பாயின்ட்டும் எங்கேயும் ஓடிவிடாது. மலைதானே!